மாடுகள் வந்து நின்ற மேடு

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் என் வீட்டுக்காரருக்குச் சுண்ணாம்புத் தொட்டி வேலை. முடி கழல்வதற்காகத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு, உள்ளே இறங்கிப் புரட்டவேண்டும். விரலிடுக்கெல்லாம் வெந்து, சோறு பிசையக்கூட முடியாமல் போயிற்று. மலையில் ஒரு துண்டு நிலம் கிடைத்தால் அந்தத் தொட்டியில் இனி இறங்கவேண்டாம். எங்கள் இருவருக்கும் அந்த நினைப்பு ஒன்றுதான்.

தோல் பதப்படுத்த ஷாப்புக்கு ஆவாரம்பட்டை கொண்டுவரும் கழுதைக்காரர் மலைக்காரர். தம் ஊரில் பேசி, மேலே ஒரு புல்மேட்டை நாங்கள் உழுதுகொள்ள அனுமதி வாங்கித் தந்தார்.

மரமே இல்லாத மேடு. மேகம் தரையோடு தரையாகப் போகும். புல் அறுக்கும்போது அரிவாள் கல்லில் பட்டது. விலக்கிப் பார்த்தால் கல் வரிசை. அதற்குக் கீழே இன்னொன்று. மேடு முழுவதும் யாரோ படிப்படியாக வரப்புக் கட்டியிருந்தார்கள். ஓர் ஓரத்தில் வட்டமாகக் கல் அடுக்கிய மாட்டுப்பட்டி. அதற்குள் மட்டும் மண் கறுப்பாக இருந்தது. பக்கத்துப் பாறையில் தானியம் அரைத்துத் தேய்ந்த குழிகள். ஒன்றில் கையை வைத்துப் பார்த்தேன். உள்ளங்கை அளவெடுத்ததுபோல் பொருந்தியது. சட்டென்று எடுத்துக்கொண்டேன்.

“யாரு நெலம் அண்ணே இது?”

“இருந்தவங்களோடது,” என்றார் கழுதைக்காரர்.

“எங்க போய்ட்டாங்க?”

“அது தெரிஞ்சா நாங்களே உழுதிருக்க மாட்டமா?”

என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். “பாதி வேலய முடிச்சி வச்சிட்டுப் போயிருக்காங்க மகராசனுங்க,” என்றார்.

எரு வேண்டுமே. எங்கள் பக்கத்தில் ஷாப்பில் மாட்டுத்தோலிலிருந்து கழிக்கும் முடியையும் சவ்வையும்தான் வயலுக்குப் போடுவது வழக்கம். பட்டை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் கழுதைகள் மேல் அதை என் வீட்டுக்காரர் ஏற்றினார்.

“இன்னா மாமா, நாத்தத்த மூட்ட கட்டிக்கினு மலைக்கு வர்றே?” என்றார் கழுதைக்காரர்.

“பயிருக்கு ஏது மூக்கு, மச்சான்?”

அந்த எருவை இறைத்த மறுநாள் மேட்டில் ஒரே பனி. முதலில் ஒரு பசு வந்தது. மண்ணை முகர்ந்தது. தலையைத் தூக்கி ஒரு சத்தம் போட்டது. மாடு கத்துவதைப் பிறந்தது முதல் கேட்டிருக்கிறேன், இது வேறு. அதைக் கேட்டு எல்லாச் சரிவுகளிலிருந்தும் மாடுகள் ஏறி வந்தன. சில காலால் மண்ணைப் பறித்தன, சில மண்டியிட்டுக் கொம்பால் குத்தின. மீதி, யாரும் ஓட்டாமலே அந்தக் கல்பட்டிக்குள் போய் நின்று கதறின. பனிக்குள் கொம்புகள்தான் தெரிந்தன. அந்த ஊரில் அத்தனை மாடு கிடையாது என்று எனக்கு அன்றும் பட்டது, இன்றும் படுகிறது.

ஓடிவந்த கழுதைக்காரர் ஒரு பிடி மண்ணை முகர்ந்து பார்த்தார். “செத்த மாட்டு வாசன மாமா. எழவுக்கு வந்திருக்குதுங்க. ஆனா ஊர்ல அப்டிச் சொல்ல மாட்டாங்க. பழைய ஆளுங்க பட்டிக்குக் கூப்ட்டுட்டாங்கன்னுதான் சொல்வாங்க.”

அப்படித்தான் சொன்னார்கள். மாடுகள் மேயவில்லை, பால் இறங்கவில்லை. நாங்கள் கூடையோடு உட்கார்ந்து முடியைப் பொறுக்கினோம். அதிலிருந்த சுண்ணாம்பு என் வீட்டுக்காரரின் கைப்புண்ணில் ஏறியது. பனியில் நனைந்து மண்ணோடு ஒட்டியதைப் பிரிக்க முடியவில்லை. விதைச் சாமை மூட்டை பிரிக்காமலே கிடந்தது.

“இந்த வருசம் வேணாம் மாமா. வாசன போவட்டும்,” என்று ஊர் முடிவைக் கழுதைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒரு வருடம் காத்திருக்க எங்களிடம் என்ன இருந்தது?

மலையிலிருந்து இறங்கும்போது என் வீட்டுக்காரர் பாதி வழியில் நின்றார். “அவங்களும் இப்டி நடந்துதான் எறங்கிருப்பாங்க, இல்ல?”

அந்த வாரமே மறுபடி தொட்டியில் இறங்கினார். வேலை முடிந்து வந்தவர், ஷாப் முற்றத்தில் காயப்போட்டிருந்த தோல்களுக்கு நடுவே நடந்துவரப் பயமாக இருந்தது என்றார், சுற்றிக்கொண்டு வந்தாராம்.