கூடை வலி

முதலில் அது வலிக்கக்கூட இல்லை. குளிக்கும்போது இடது மார்பின் ஓரத்தில் கைக்குத் தட்டுப்பட்டது, புளியங்கொட்டை அளவில்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறேன். தைத்த தோலைக் கூடையில் நிரப்பி, இடது மார்போடு அணைத்து அடுத்த மேசைக்குக் கொண்டுபோவோம். எல்லோருக்கும் அந்த இடம் கன்றிப்போகும். அதற்குக் ‘கூடை வலி’ என்று பெயரே வைத்திருக்கிறோம். தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் வந்துவிடுவோம்.

“கூடை வலிதான்க்கா. எனக்கும் கீது. சும்மா பேஜாராவாத” என்றாள் பக்கத்து மெஷின் ஷகிலா.

தொழிலாளர் காப்பீட்டு (ஈ.எஸ்.ஐ.) மருந்தகத்தில் டாக்டரிடம் காட்டப் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், மார்பைப் பார்க்கவில்லை. என்ன வேலை என்று கேட்டார், வலி மாத்திரை எழுதினார். ஷகிலா தைலத்தோடு சொன்னதை இவர் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் கம்பெனிக்குப் பரிசோதனை பஸ் வந்தது. உள்ளேயே மாமோகிராம் (மார்பை அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே) எடுப்பார்கள். எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வரும் நாளாகப் பார்த்து அதை வரவழைத்திருந்தார்கள். பஸ் முழுக்க ரோஸ் பலூன். என் மெஷினிலிருந்து ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

எங்கள் லைனில் யார் எழுந்தாலும் டோக்கன் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். கக்கூஸுக்கும் அதுதான். லைனுக்கு ஒரே டோக்கன். அன்றைக்குப் பரிசோதனைக்கும் அதே டோக்கன் என்றார்கள். முதலில் அதை எடுத்துப்போனவள், ஆபீஸ் பெண்கள் எல்லோரும் முடிக்கும்வரை வெயிலில் நின்றாள். அவள் திரும்பி வந்ததும் சூப்பர்வைசர் டோக்கனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“சார், எனக்குக் கட்டி மாதிரி கீது சார்.”

“பஸ் அடுத்த வருஷமும் வரும்மா. ஷிப்மென்ட் நிக்குமா?”

ஷிப்மென்ட் நேரத்துக்குப் போய்விட்டது. கட்டி என்னிடமே இருந்தது.

மார்புத் தோல் உள்ளே இழுத்துக்கொண்ட பிறகு வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். பயாப்சி (கட்டியில் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். புற்றுநோய். அக்குள்வரை பரவியிருந்தது.

“இவ்ளோ நாள் ஏம்மா வரல? உங்களுக்கெல்லாம் விழிப்புணர்வே கம்மி” என்றார் அங்கிருந்த டாக்டர்.

விழிப்புணர்வாம்! அது இல்லாதவளா மெஷினில் உட்கார்ந்து அந்தப் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்? அவரிடம் சொல்லியிருப்பேன். கத்தி அவர் கையில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

மார்பையும் அக்குளில் பரவியதையும் எடுத்தார்கள். பிறகு கீமோ (நரம்பில் ஏற்றும் புற்றுநோய் மருந்து). முடி போனது, நாக்கில் ருசி போனது. இரண்டும் திரும்பி வரும், பயப்படாதீர்கள். ஆனால் வலிக்காத கட்டிக்குத் தைலம் தேய்க்காதீர்கள். தொட்டுப் பார்க்காமல் மாத்திரை எழுதுகிறவர் முன்னாலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நான் வேலைக்குத் திரும்பியபோது மறுபடியும் பஸ், மறுபடியும் பலூன். இம்முறை மேடையும் இருந்தது, எதிரே வெளிநாட்டுக்காரர்கள். கம்பெனி மேனேஜரம்மா எனக்கு ரோஸ் ரிப்பன் குத்திவிட்டார்.

“சுமதி, ரெண்டு வார்த்தை பேசுங்க. உங்களப் பாத்து எல்லாருக்கும் தைரியம் வரும்.”

கீழே ஷகிலாவைத் தேடினேன். காணோம். ஜன்னலுக்கு உள்ளே அவள் மெஷினில் இருந்தாள். டோக்கன் கிடைக்கவில்லை. அவளுடைய கூடை வலி எனக்குத் தெரியும்.

மைக்கை வாங்கினேன். “ஷகிலா மொதல்ல பஸ்ல ஏறட்டும் மேடம். அப்புறம் பேசறேன்” என்றேன். வெளிநாட்டுக்காரர்கள் கேமராவைத் தூக்கினார்கள். மேனேஜரம்மா சிரித்த முகத்தை மாற்றாமலே சூப்பர்வைசரிடம் பல்லைக் கடித்தார். ஷகிலா வந்தாள். அவள் ஏறி, கதவு சாத்தும்வரை மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். பிறகு, “பஸ் நல்லா கீது” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

ஷகிலாவுக்கு இருந்ததும் புற்றுநோய்தான். சின்னது. கட்டியை மட்டும் எடுத்தார்கள். மார்பு அவளோடு இருக்கிறது.

எனக்கு இப்போது வருஷம் என்று ஒன்று இல்லை. ஒரு செக்கப்பிலிருந்து அடுத்த செக்கப்வரைதான். இடது பக்கம் தட்டையாகிவிட்டதால் கூடை கச்சிதமாகப் பொருந்தும். கம்பெனிக்கு வசதிதான். ஆனால் இடது கையால் கனம் தூக்கக் கூடாதாம்.

லைனுக்கு இன்னும் ஒரே டோக்கன்தான். எனக்கு எழுந்திருக்க வேண்டுமென்றால் அதைத் தொடாமல் எழுந்து போகிறேன். சூப்பர்வைசர் கூரையைப் பார்க்கிறார். பின்னாலேயே ஷகிலாவும் எழுந்து வருகிறாள்.