வியாழக்கிழமை ஸ்கானரில் கேட்டது

பேய், சகுனம் ஒன்றையும் நான் நம்பினதில்லை. நம்புகிறவர்களைப் பிடித்து நக்கலடிக்கிற ஆள். நீங்களும் சிரிக்கலாம், கோபிக்கமாட்டேன், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் மனைவி மலரும் கனடாவில், மோர்னிங்சைட்டில் ஒரு அப்பார்ட்மெண்டில் இருந்தோம். பழைய சாமான் சந்தையில் ரேடியோவில் போகிற பேச்சுகளைப் பிடிக்கிற ஒரு கைஸ்கானர் வாங்கியிருந்தேன். டாக்சி, அம்புலன்ஸ், விமான நிலையம் என்று எந்த அலை எண்ணில் யார் பேசுகிறார்கள் என்று தேடித் தேடிக் கொப்பியில் எழுதுவது எனக்கு ஒரு விசர். நாற்பத்தாறு மெகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் எங்கள் கட்டடத்துக் கம்பியில்லாத கோட்லஸ் போன்களே கேட்கும். ஒட்டுக்கேட்பது வெட்கங்கெட்ட வேலை என்று மலர் ஏசுவாள், அதனால் பிறம்ரனில் வேலை முடிந்து வந்ததும் கீழே காருக்குள் இருந்து கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தான் மேலே போவேன்.

ஒரு வியாழன் பின்னேரம் நாலு மணி. ஓடிக்கொண்டிருந்த எண்கள் ஓரிடத்தில் நின்றன. ஆறாம் மாடிச் சிவம் அண்ணையின் குரல். அவரிடம் கோட்லஸ் இருந்தது. மற்றப் பக்கம் மலர்.

“தங்கச்சி, பதறாதை. குமார் செத்துப்போனானாம். உன்ர மனுசன் வேலையால வந்து சாப்பிடட்டும், பிறகு சொல்லுவம்.”

“அவர் தாங்கமாட்டார் அண்ணை.”

குமார் என் ஒரே தம்பி. கனடா வருவதற்காகக் கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தவன். அதோடு ஸ்கானரை அணைத்துவிட்டேன்.

மேலே போனால் மலர் சோறு போட்டுத் தந்தாள், முகத்தில் ஒன்றும் இல்லை. எனக்கு அது புதினமாகப் படவில்லை. எங்கள் ஆட்கள் சாவைச் சட்டென்று சொல்லமாட்டார்கள். மலரின் அப்பா போனபோது அவள் எழுதிக்கொண்டிருந்த சோதனை முடியும்மட்டும் நானே இரண்டு நாள் மறைத்தவன். சொல்லுகிறபோது சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். லொட்ஜுக்குப் போன் எடுத்துக் கேட்கத் துணிவில்லை. எடுத்தால் யாராவது ஓம் என்று சொல்லிவிடுவார்களே.

ஞாயிறு காலையில் குமாருக்குத் தவறாமல் எடுப்பேன். அன்று எடுக்கவில்லை. “தம்பிக்கு எடுக்கேல்லையோ?” என்று மலர் கேட்டாள். என்ன நடிப்பு நடிக்கிறாள் என்று பற்றிக்கொண்டு வந்தது, கண்டபடி பேசிவிட்டேன். அவள் அழுதாள். துக்கத்தை அடக்க முடியாமல் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

செவ்வாய் தலையிடியோடு வேளைக்கே வந்து அறையில் படுத்தேன். பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த மலர் என்னைக் காணவில்லை. போன் அடித்தது. அவள் ஓடிவந்து குசினியில் எடுக்க, நானும் அறையில் இருந்ததை எடுத்தேன்.

“தங்கச்சி, பதறாதை.”

நம்பினால் நம்புங்கள், ஒரு சொல் மாறவில்லை. ‘அவர் தாங்கமாட்டார் அண்ணை’ வரைக்கும் அதே இழுவை, அதே விக்கல். காருக்குள் அந்த இடத்தில்தான் நான் அணைத்திருந்தேன். இப்போது மலர் எப்போது நடந்தது என்று கேட்டாள்.

“ஞாயிறாம். தமையன்ர கோல் வரும் எண்டு போனடியிலயே இருந்தவனாம். வரேல்லை எண்டவுடனை அண்ணைக்கு என்னவோ ஏதோ எண்டு பயந்து, தானே எடுப்பம் எண்டு கோல் கடைக்குப் போக ரோட்டைக் கடந்தவனாம். பஸ் அடிச்சுப்போட்டுது.”

வியாழக்கிழமை மலருக்கு எடுத்தீர்களா என்று சிவம் அண்ணையிடம் பிறகு கேட்டேன். இல்லையென்று சத்தியம் செய்தார்.

மலருக்கு இதை நான் சொன்னதேயில்லை. ஒவ்வொரு திவசத்துக்கும் படைத்து முடிந்ததும், அந்த ஞாயிறு ஏன் எடுக்கவில்லை என்று கேட்பாள். வேலை அலுப்பு என்பேன். காருக்குள் இன்னும் ஒரு நிமிடம் கேட்டிருந்தால் ஞாயிறு என்ற சொல் என் காதில் விழுந்திருக்கும். முந்தின ஞாயிறு நான் அவனோடு பேசியிருந்தேன், அது வரப்போகிற ஞாயிறு என்று விளங்கியிருக்கும். எனக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.