தூண் நின்ற இடத்தில் பம்பரம்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் எங்கள் ஊர்க் கல்லூரியின் கூடைப்பந்துப் பையன்கள் களத்தில் இறங்கினால், ஒவ்வொருவன் முதுகிலும் என் டயர் கடையின் பெயர்தான் ஓடும். பட்டம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர் அந்த வாசல் வழியாகப் போயிருக்கிறார்கள். பனியனில் ஏறிய பெயர் என்னுடையது மட்டும்தான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த அணியின் சென்டர், அதாவது ரிங்குக்கு அடியில் நின்று பந்தைப் போடுகிற உயரமான ஆட்டக்காரன், பழையவனும் என் ஆள், புதியவனும் என் ஆள். இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் நான்தான். அதனால் அந்தப் புதியவனைப் பற்றி எழுதும் தகுதியும் எனக்குத்தான் உண்டு.

பழையவனைத் தூண் என்பார்கள். ரிங்குக்கு இடது பக்கம், போர்டுக்கு முதுகைக் காட்டி நிற்பான். நின்றால் நின்றதுதான். எதிராளிகள் இரண்டு பேர் சேர்ந்து இடித்தாலும் லாரியில் சைக்கிள் மோதியது போலத்தான் இருக்கும். அவன் இடது கைக்காரன். அந்தக் கையை மட்டும் மேலே தூக்குவான். அணியிலேயே உயரம் குறைந்தவன், ஆனால் ஆட்டத்தை நடத்துபவன், குட்டை என்ற பையன். அவன் தூரத்தில் இருந்து நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எல்லோர் தலைக்கும் மேலே பந்தை எறிவான். அது போய் அந்தக் கையில் உட்காரும். தூண் மெல்லத் திரும்பி, அலமாரியில் டப்பா வைப்பதுபோலப் பந்தை ரிங்குக்குள் வைத்துவிட்டு வருவான். அவன் இருந்த வருஷங்களில் கோப்பை வெளியூர் போனதே இல்லை.

படிப்பு முடிந்து வேலைக்கு அலைந்தவனை நான்தான் கூப்பிட்டுக் கடையில் வைத்துக்கொண்டேன். மற்றவர்கள் ஏணி போட்டு எடுக்கிற மேல்தட்டு டயரை அவன் நின்ற வாக்கிலேயே உருவிவிடுவான். ஆளைப் பார்த்து எடை போடுவதில் எனக்கு நிகர் நான்தான்.

புதியவன் என் தங்கை மகன். தாயும் பிள்ளையும் என் வீட்டு மாடியில்தான் இருக்கிறார்கள். உயரத்தில் தூணைவிட ஒரு விரற்கடை கூடுதல், சதைதான் போடவில்லை. அவனுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தது யாரோ, நன்றாக வைத்தார்கள். பல் தேய்க்கும்போதுகூட மொட்டை மாடியைச் சுற்றுவான். போன் பேசினால் படியில் ஏறி இறங்கிக்கொண்டே பேசுவான். என் வீட்டுப் படிகள் தேய்ந்தது அவனால்தான்.

களத்திலும் அப்படியே. ரிங்குக்கு அடியில் நிற்க மாட்டான். வெளியே வருவான், எதிராளியை இழுத்துக்கொண்டு வலப்பக்கம் ஓடுவான், சட்டென்று உள்ளே பாய்வான். அவன் பாய்கிற நேரத்தில் பந்து வேறு எங்கோ போகும். எல்லோர் தலைக்கும் மேலே ஆளில்லாத இடத்துக்குப் பறந்து, கோட்டைத் தாண்டி, சுவரில் மோதித் திரும்பும். ஒவ்வொரு ஆட்டத்திலும் இதே கதை. ஒவ்வொரு தடவையும் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் ஒரே பாட்டைப் பாடும்: “தூண் இருந்திருந்தா பிடிச்சிருப்பான்.”

அந்தக் கல்லூரியில் அவனுக்கு இடம் கிடைத்ததே ஆட்டத்தால்தான். மார்க்கை வைத்துக்கொண்டு போயிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அரை இறுதிக்கு முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தோம். அவன் கால் ஆடிய ஆட்டத்தில் தண்ணீர் டம்ளர் தளும்பிக்கொண்டே இருந்தது.

“நாளைக்கும் சொதப்பினா அவ்வளவுதான் மாமா. கோச் சொல்லிட்டாரு.”

“அவ்வளவுதான்னா என்னடா?” என்றாள் தங்கை.

“டீம்ல இருந்து தூக்கிடுவாரு. டீம்ல இல்லன்னா சீட்டும் இல்ல.”

“ஒரு இடத்துல நில்லு,” என்றேன். “தூணைப் பாரு. நின்னான், ஜெயிச்சான்.”

“நின்னு பாத்தேன் மாமா. நின்னா என்னை ஈசியா தள்ளி விட்டுடறாங்க. எனக்கு ஓடினாத்தான் வருது.”

“முதல்ல சாப்பிடும்போது காலை ஆட்டாம இரு. அப்புறம் மத்ததைப் பாக்கலாம்.”

“அண்ணா, நீ ரொம்ப ஒழுங்கா?” என்று தங்கை குறுக்கே வந்தாள். “ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கறான்னு டீச்சர் உன்னை பெஞ்சோட சேர்த்துக் கட்டினது எனக்குத் தெரியாதா?”

“அதனாலதான் நான் முதலாளி. அன்னைக்கு ஒழுங்கா உக்காந்தவன் எல்லாம் இன்னைக்கு எங்கிட்ட பில்லு போட்டுட்டு இருக்கான்.”

“அப்ப நான் ஓடறதும் சரிதானே மாமா?” என்றான் பையன்.

வாயடைத்துப் போவது என் வழக்கம் இல்லை என்பதால், “சாப்பிடு, சாப்பிடு,” என்று அதட்டிவிட்டு எழுந்துவிட்டேன். ஆனால் மறுநாள் காலையில் எனக்கே கடையில் இருப்புக் கொள்ளவில்லை. கல்லாவுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். நட்டு டப்பாவைத் திறந்தேன், மூடினேன். மதியம் தூணைக் கூப்பிட்டேன்.

“கையைக் கழுவு. மேட்சுக்குப் போறோம்.”

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. கல்லூரியை விட்ட பிறகு அவன் அந்த மைதானத்தை மிதித்ததில்லை. டயர் கொண்டு போய்க் கொடுக்கிற நாளில்கூட அந்தத் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டுதான் போவான்.

“பஞ்சர் வண்டி நிக்குது முதலாளி.”

“நிக்கட்டும், எங்கயும் ஓடிடாது. நீ எம் பக்கத்துல உக்காரணும். எல்லாரும் பாக்கணும்.”

“என்னை எதுக்குப் பாக்கணும்?”

“உன்னையா? என்னைப் பாக்கட்டும்டா. வா.”

முன்வரிசையில் உட்கார்ந்தோம். எல்லோரும் பார்த்தார்கள். கீழே களத்தில் இருந்த பம்பரமும் பார்த்தான். பார்த்தவன் முகம் செத்துப்போனது. பழையவனைக் கொண்டுவந்து எதிரே உட்கார வைத்தால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. இறங்கிவிட்ட பிறகு என்ன செய்வது.

ஆட்டம் தொடங்கியது. குட்டை பந்தைத் தட்டிக்கொண்டு வந்தான். பம்பரம் வலப்பக்கம் வெட்டி உள்ளே பாய்ந்தான். அதே நேரம் என் மூக்குக் கண்ணாடி பறந்தது. பக்கத்தில் தூணின் இடது கை மேலே நின்றது. அங்கே பந்து யாரும் இல்லாத இடத்தில் பறந்து வெளியே போனது.

“சாரி முதலாளி,” என்று கண்ணாடியை எடுத்துக் கொடுத்தான்.

மாட்டிக்கொண்டேன். மறுபடி குட்டை எறிந்தான், மறுபடி கை எழுந்தது, மறுபடி கண்ணாடி மடியில் விழுந்தது. பந்து சுவரில் விழுந்தது.

“நீ என்ன டிராபிக் போலீஸாடா? கையை அடக்கு!”

“நான் தூக்கல முதலாளி. அது தானா போகுது.”

மூன்றாவது தடவை நான் முன்கூட்டியே தள்ளி உட்கார்ந்துகொண்டேன். கை எழுந்தது. ஆனால் இந்த முறை தூண் களத்தைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே நின்ற தன் கையையே பார்த்தான். பிறகு குட்டையைப் பார்த்தான். பிறகு கையைக் கீழே இறக்கித் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

“அய்யய்யோ,” என்றான் மெதுவாக.

“என்னடா?”

அவன் குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். இடைவேளைக்கு விசில் ஊதியதும் படிகளைத் தாண்டித் தாண்டி இறங்கினான். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். இந்த வயதிலும் என் ஓட்டம் சோடை போகாது.

பெஞ்சில் கோச் பம்பரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். “நிக்கத் தெரியாதவனுக்கு இங்க என்ன வேலை? அடுத்த பாதில நீ உக்காரு.” பையன் தரையைப் பார்த்தபடி ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான்.

“சார், ஒரு வார்த்தை,” என்றான் தூண். கோச் ஏதாவது சொல்வதற்குள் குட்டையின் தோளைப் பிடித்துத் திருப்பினான். “டேய், நீ யாருக்குடா பந்து போடற?”

“சென்டருக்குத்தான்.”

“இல்ல. எனக்குப் போட்டுட்டு இருக்க. இடது பக்கம், மேல, என் கை எங்க இருக்குமோ கரெக்டா அங்க. நான் மேல முதலாளிகூட உக்காந்திருக்கேன்டா!”

குட்டை வாயைத் திறந்தபடி நின்றான். “நான் பாக்கறதே இல்லண்ணே. கை தானா போட்டுடுது.”

“எனக்கும் தானாதான் தூக்குது. முதலாளி கண்ணாடியைக் கேளு.”

கோச் ஒரு தரம் என்னைப் பார்த்தார், ஒரு தரம் பம்பரத்தைப் பார்த்தார். “உனக்குப் பந்து எங்கடா வேணும்?” என்று கேட்டார். இத்தனை மாதத்தில் யாரும் அவனிடம் கேட்காத கேள்வி அது. நானும் கேட்டதில்லைதான், ஆனால் நான் டயர்காரன்.

“வலது பக்கம், கீழ. தரையில ஒரு தட்டு தட்டிப் போட்டா போதும் சார். நான் ஓடி வந்து எடுத்துப்பேன்.”

“சரி, ஓடு. பாக்கலாம்.”

இரண்டாம் பாதியில் நான் உட்காரவே இல்லை. குட்டையின் கை முதலில் மேலே போகும், நடுவில் நின்று யோசிக்கும், பிறகு கீழே இறங்கும். முதல் பந்து அவன் காலிலேயே பட்டு உருண்டது. அடுத்தது தரையில் தட்டி வலப்பக்கம் போனது. போன இடத்தில் பம்பரம் இருந்தான். எடுத்தான், சுழன்றான், போட்டான். தூண் அலமாரியில் டப்பா வைத்தான் என்றால், இவன் ஓடுகிற பஸ்ஸில் பையை எறிந்தான். எப்படி விழுந்தால் என்ன, விழுந்தது. அப்புறம் அவனைப் பிடிக்க ஆளில்லை. பின்தங்கி இருந்த எங்கள் அணி எட்டிப் பிடித்தது. முந்தியது. கடைசியில் எங்கள் பையன்கள் மூச்சு வாங்கி நின்ற இடத்தில் எதிராளி ஒன்று போட, ஒரே கூடையில் தோற்றுப்போனோம்.

படிக்கட்டில் பின்னால் யாரோ சொன்னார்: “தூண் இருந்திருந்தா இதைத் தடுத்திருப்பான்.”

“தூண் இங்கதான் இருக்கான், கேட்டுப் பாருங்க!” என்று நான் திரும்பிக் கத்தினேன். தூண் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

வாசலில் காத்திருந்தோம். பம்பரம் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வேனைச் சுற்றிச் சுற்றி வந்தான். தங்கை போன் மேல் போன் போட்டாள். “என்ன ஆச்சுண்ணா? வெச்சுக்கிட்டாங்களா, தூக்கிட்டாங்களா?” கோச் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். எங்களைத் தாண்டிப் போனவர் நின்றார்.

“காலையில சீக்கிரம் வந்துடு. குட்டைக்குக் கையை மாத்திப் பழக்கணும். நீ இல்லாம அவன் யாருக்குப் போடுவான்?”

பையன் தலையாட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான்.

வேனில் நான் ஓட்ட, அவர்கள் இருவரும் பின் சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். என் வேனில் கூரையைத் தொடும் தலை இரண்டு. வேறு எவன் வேனுக்கு இந்தப் பாக்கியம்?

“கடைசி வரைக்கும் அந்தக் குட்டை ஒரு பந்துகூட மேல போடல, பாத்தீங்களா முதலாளி?” என்றான் தூண். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் வீடு வரும் வரை ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தான்.

பின்னால் பார்க்கிற வேன் கண்ணாடியில் பார்த்தேன். அவன் இன்னும் இடது கையைத் தொடைக்கு அடியில்தான் வைத்திருந்தான்.

“கையை எடுங்கண்ணே, மரத்துப் போயிடும்,” என்றான் பம்பரம். அவன் முழங்கால் முன் சீட்டில் தட்டிக்கொண்டே இருந்தது.

“இருக்கட்டும்டா. இதை இன்னும் நம்ப முடியல.”