லேத் வந்த ஒழுங்கை

தலைமயிரில் பாதி பிசகினாலும் கண்டுபிடித்துவிடுகிற மரியநாயகம், தன் வீட்டுக்குப் போகிற ஒடுக்கமான ஒழுங்கையை மட்டும் அளக்காமல் விட்டுவிட்டார். நெடுந்தீவில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. சிரிக்கட்டும். அவர்கள் முதல் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

பன்னிரண்டு வயதில் தீவை விட்டுக் கொழும்புக்குப் போனவர் அவர். ஒரு பட்டறையில் கூட்டித் துடைக்கச் சேர்ந்து, மீசை அரும்பும் முன்பே லேத்தில் நின்றார். சுழலுகிற இரும்பில் உளியைக் கொடுத்து, வேண்டிய அளவுக்குச் சீவி எடுக்கிற வேலை. முப்பத்தைந்து வருடம் ஆருடையதோ லேத்தில் நின்றவருக்கு, தனக்கென்று ஒன்று வேண்டும், அது தன் ஊரில் நிற்கவேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லை. அப்போதுதான் தீவின் வள்ளங்களுக்கு எஞ்சின் பூட்டத் தொடங்கியிருந்தார்கள். எஞ்சின் தண்டு வளைந்தால் யாழ்ப்பாணம் கொண்டுபோக வேண்டும். அது திரும்பி வருகிறவரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு எரிவது சந்தேகம்.

1967இல், மூடிவிட்ட ஒரு பட்டறையில் பழைய லேத் ஒன்று அவர் கைக்கு வந்தது. ஆளைவிட நீளம், இருபத்துநாலு அந்தர் நிறை, ஒரு டன்னுக்கு மேல். வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் சின்னப் பட்டறை கட்டினார். சீமெந்துத் தரை போட்டார், கதவை மூன்று தரம் அளந்தார், லேத்தைச் சுழற்றத் தண்ணீர் இறைக்கிற மெசின் ஒன்றையும் கொண்டுவந்து வைத்தார். “எனக்குச் சமைக்க ஒரு குசினி கட்ட இவ்வளவு அளக்கேல்லை” என்றாள் மனைவி மாக்கிறேற்.

ஒழுங்கையை ஏன் அளக்கவில்லை? அதில் பனங்குற்றி ஏற்றிய மாட்டு வண்டில் போனதைச் சின்ன வயதில் கண்ணால் கண்டிருக்கிறார், அதனால்தான். திரும்பி வந்தபோது ஒழுங்கை ஒடுங்கினதுபோலத்தான் இருந்தது. சின்னப்பிள்ளைக் கண்ணுக்கு எல்லாம் பெரிதாகத்தானே தெரியும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இத்தனைக்கும் அவருடைய தகப்பன் சவிரிமுத்து, சாகிறவரை அந்த ஒழுங்கையைப் பற்றித்தான் கத்தினவர். ஒழுங்கை திரும்புகிற முடக்கில் இருக்கிற காணிக்காரன் ஏரம்பு, மதிலை ஒரு முழம் வெளியே தள்ளிக் கட்டிவிட்டான் என்பது அவருடைய வழக்கு. ஊர் வழக்குப் பார்க்கிற விதானையார் வந்து பார்த்தார். காணி உறுதிப் பத்திரத்திலும் தெளிவில்லை, சாட்சிக்கும் ஆள் இல்லை. கிழவனுக்கு விசர், மூளை பிசகிவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. கொழும்பிலிருந்து மரியநாயகமும், ‘ஒரு முழத்தால் என்ன குடி முழுகிவிடும், விடுங்கோ அப்பா’ என்று கடிதம் எழுதினார். இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டதுக்குக்கூடப் போக்குவரத்து அற்றுப்போயிற்று.

புரட்டாதிக் கடைசியில், கடல் ஓய்ந்துகிடந்த ஒரு காலையில், இரண்டு வள்ளங்களைச் சோடி கட்டிப் பலகை அடித்து, ஊர்காவற்துறையிலிருந்து லேத்தை ஏற்றிவந்தார்கள். வள்ளங்களின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல்தான் இடைவெளி. வழிநெடுக மரியநாயகம் அந்த நாலு விரலையே பார்த்துக்கொண்டு வந்தார். தீவின் மாவிலித்துறை தெரிந்ததும் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது.

கரையில் நாற்பது பேர் நின்றார்கள். கரைவலை இழுக்கிற கயிறுகளைக் கட்டி, பனங்குற்றிகளை உருளையாகப் போட்டு, அம்பாப் பாட்டுப் பாடி இழுத்தார்கள். ஒருவன் பாட, நாற்பது பேர் ஒரே மூச்சாய்ப் பதில் கொடுக்க, இருபத்துநாலு அந்தர் இரும்பு சாணுக்குச் சாண் ஊருக்குள் நகர்ந்தது. பாரந்தூக்கி யந்திரங்களோடு காலம் தள்ளியவருக்கு அதைப் பார்க்க மேல் புல்லரித்தது.

முடக்கில் எல்லாம் நின்றுபோயிற்று. ஒரு பக்கம் ஊர்க் கிணறு, மறுபக்கம் மதில். லேத் திரும்புவதற்கு ஒரு சாண் இடம் குறைந்தது.

“லேத்தின்ர தலைப்பக்கத்தைக் கழற்றிப்போட்டுக் கொண்டுபோவமே அண்ணை” என்றான் கயிறு பிடித்த சில்வெஸ்ரர்.

“கழற்றலாம். திருப்பி அதே நேரில பூட்ட இஞ்ச அளவு பாக்கிற ஆயுதம் இல்லை. பிறகு அது வெறும் இரும்பு” என்றார் மரியநாயகம். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் அந்த ஒழுங்கை வாய்க்காலாகிவிடும். குற்றிகள் புதையும், லேத் கிடந்த இடத்திலேயே துருப்பிடிக்கும். முப்பத்தைந்து வருட ஆசை வாசலுக்கு நூற்றிருபது அடித் தூரத்தில் கிடந்தது.

எல்லோரும் மதிலைப் பார்த்தார்கள். கடலில் எடுத்த முருகைக்கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கிய மதில். கழற்றி அடுக்குவது அந்தத் தீவில் பெரிய காரியமில்லை. ஆனால் அது ஏரம்புவின் மகன் கதிர்காமுவின் மதில். போய்க் கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

கதிர்காமு தானாகவே வந்தார். அறுபது வயது, தீவில் மதில் அடுக்குவதில் அவருக்கு மிஞ்சிய ஆள் கிடையாது. லேத்தைப் போர்த்தியிருந்த சாக்கை விலக்கி, கிறீஸை விரலால் வழித்துவிட்டு, ஒரு கண்ணை மூடி லேத்தின் முதுகு நெடுகப் பார்த்தார்.

“இவ்வளவு நேரா இதைச் சீவினவன் ஆர்?”

“பேர் தெரியாது அண்ணை. ஆரோ வெள்ளைக்காரன்.”

“ஆராயிருந்தாலும் வேலை தெரிஞ்சவன்.” பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: “மதிலில ஒருத்தரும் கை வைக்கக் கூடாது.”

மரியநாயகம் சாக்கை இழுத்து லேத்தைத் திரும்ப மூடினார்.

“நீங்கள் தொட்டால் கல்லு வரிசை குழம்பிப்போகும். நான் கழற்றுறன்.”

மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து, உள்ளே தரையில் ஒழுங்கு பிசகாமல் பரப்பினார். அடி வரிசையும் வந்த பிறகு குற்றி போட இடம் வேண்டுமென்று உட்பக்க மண்ணையும் மண்வெட்டியால் வழித்தார். மண்வெட்டி கல்லில் முட்டியது. ஒரு முழம் உள்ளே, புதைந்துபோய் இன்னொரு அடி வரிசை. அதன் ஒழுங்கைப் பக்கம் முழுக்க, வண்டில் சக்கரம் உரசி உரசி விழுந்த தடம்.

கதிர்காமு குந்தியிருந்து அந்தத் தடத்தை விரலால் தடவினார். மரியநாயகமும் பார்த்தார். பனங்குற்றி வண்டில் போன ஒழுங்கை அதுதான். கயிறு பிடித்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “இழுங்கோ” என்றார் கதிர்காமு, தலை நிமிராமல். லேத் பட்டறைக்குள் நுழையவும் மழை விழவும் சரியாக இருந்தது.

மறுநாள் விடியக் கல் எடுத்துக் கொடுக்கலாம் என்று மரியநாயகம் போனார். மதில் அதற்குள் முழங்கால் உயரம் ஏறியிருந்தது, ஒரு முழம் உள்ளே, பழைய வரிசையின்மேல். லேத்தைக் கண்டபோதுகூட அப்படி ஒரு மலைப்பு அவருக்கு வந்ததில்லை.

“நேற்று இருந்த இடத்திலேயே வைச்சிருக்கலாம் அண்ணை. ஆரும் ஒண்டும் சொல்லியிருக்க மாட்டினம்.”

“கல்லுச் சொல்லிப்போட்டுது.” கதிர்காமு கையிலிருந்த கல்லை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “கொப்பர் சவிரிமுத்து கத்தினது சரி. எங்கட அப்பு இதைக் கட்டேக்க நான் ஊரில இல்லை, பிறகு அவர் சொன்னதை நம்பினனான். கொப்பரிட்டைப் போய்ச் சொல்ல இனி ஏலாது. அதுதான் உமக்குச் சொல்லுறன்.”

மரியநாயகம் அடி வரிசையைப் பார்த்தபடி, “நானும் அப்பாவை நம்பேல்லை அண்ணை” என்றார்.

கதிர்காமு அடுத்த கல்லுக்குக் கை நீட்டினார். மரியநாயகம் குனிந்து ஒரு கல்லை எடுத்து நீட்டினார். அவர் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இது மேல் வரிசைக் கல்லு. பக்கத்தில கிடக்கிறதைத் தாரும்.”