நிறுத்தத் தெரியாதவர்

என் வழிகாட்டிப் பேராசிரியரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் எனக்குப் புத்திமதி சொல்ல வரவேண்டாம்.

பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். கருங்கல்லை உடைக்காமலே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று படமெடுப்பதுதான் என் வேலை. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் பாதி செதுக்கிய சிலை பிளந்துபோவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான். எங்கள் குப்பம் அங்கிருந்து நடக்கிற தூரம்.

கல்லின் ஒரு பக்கம் ஒலியை அனுப்பி, மறுபக்கம் வந்துசேரும் நேரத்தை அளப்போம். குறுக்கே விரிசல் இருந்தால் தாமதமாகும். கல்லைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒலி கடக்க இவ்வளவு நேரமாகும் என்று குத்துமதிப்பாக வைத்துத் தொடங்க வேண்டும். கணக்கில் வரும் நேரத்துக்கும் அளந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, ஒலி போன வழியிலுள்ள கட்டங்களுக்குப் பங்கிட்டுத் திருத்த வேண்டும். எல்லா வழிகளும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. சுற்றுக்குச் சுற்று படம் தெளியும். ஆனால் கணினி நிரலை ஓரளவுக்கு மேல் ஓடவிட்டால், அளந்ததிலுள்ள பிழைகளையும் உண்மையென்று நம்பி வரையத் தொடங்கிவிடும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் என் உழைப்பெல்லாம் இருந்தது.

இதை அவரிடம் சொன்னபோது செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பொறுமை வேணும்மா. ஓடவிட்டா தானா தெளியும்" என்றார்.

கொஞ்ச நாளில் கட்டுரை வெளிவந்தது. என் நிரல், என் படங்கள். பெயர்கள் மட்டும் அவருடையதும் அவர் அக்கா மகனுடையதும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! கேட்கப் போனேன். "குப்பத்துலேர்ந்து வந்து இவ்ளோ படிச்சதே பெருசு. பேருக்கெல்லாம் அவசரப்படாதே" என்றார். என் வயிறு எரிந்தது. அது அணைந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

பிறகு மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தில் செயல்விளக்கம் வைத்தார். நந்தி செய்ய வாங்கிப் போட்டிருந்த பெரிய கல். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரிகள் வந்திருந்தார்கள். கருவிகளைத் தூக்கிவர நான், புகைப்படம் எடுக்க அக்கா மகன். மடிக்கணினியை அவரே இயக்கினார். மங்கலான படம் மெல்லத் தெளிந்து, சாய்வாக ஒரு விரிசல் தெரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"இன்னும் ஓடவிட்டா இன்னும் துல்லியமா வரும்" என்று ஓடவிட்டார். கோடு கலைந்தது. படம் முழுக்கப் புள்ளிபுள்ளியாகப் பொரிந்தது. சிற்பக்கூடத்து முதலாளி எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், நல்லா வந்துகினு இருந்துச்சு, இப்ப இன்னாத்துக்கு இப்பிடி பேஜாராயிடுச்சு? கல்லு முழுக்க விரிசலா கீதா?"

அதிகாரி ஒருவர் சிரித்துவிட்டார். பேராசிரியர் வியர்த்துப்போய் என் பக்கம் திரும்பினார். "நீ கொஞ்சம் பாரும்மா."

"அந்தக் கட்டுரையில எம் பேரே இல்லியே சார்" என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி. "உங்க அக்கா பையனைக் கேளுங்க."

அக்கா மகன் தன் செருப்பைப் பார்த்தான். எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அங்கே கிடந்த காவிக்கட்டியை எடுத்து, படம் கலையுமுன் நான் பார்த்து வைத்திருந்த கோட்டை அப்படியே கல்லின் மேல் போட்டேன். "அண்ணாத்த, விரிசல் இப்பிடித்தான் போவுது. நந்தி தலை இந்தப் பக்கம் வராம பாத்துக்கோ."

விரிசல் பக்கத்தைக் கழிக்கக் கோட்டின்மேல் உளி வைத்ததுமே கல் இரண்டாகப் பிளந்ததாம். முதலாளி ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

அதற்குள் நான் வேறு வழிகாட்டியிடம் மாறியிருந்தேன். ஒருநாள் பழையவரிடமிருந்து அழைப்பு வந்தது. அதிகாரிகள் இன்னொரு முறை பார்க்க வருகிறார்களாம். குரலில் அத்தனை சர்க்கரை. "எந்தச் சுத்துல நிறுத்தணும்னு மட்டும் சொல்லிடும்மா. அடுத்த கட்டுரையில உன் பேரைப் போட்டுடறேன்."

"பொறுமை வேணும் சார்" என்றேன். "ஓடவிடுங்க. தானா தெளியும்."