டோடோவுக்கு ஏன் அந்தப் பெயர்?

கரும்பலகையில் நான் வரைந்த டோடோ, கால் முளைத்த பஞ்சு மூட்டையைப் போல இருந்தது. சங்கரன்கோவிலில் ஒரு பள்ளியில் வேலை கேட்டு மாதிரி வகுப்பு எடுத்த நாள் அது. ஆறாம் வகுப்பு, மொரீசியஸ் தீவில் வாழ்ந்து அடியோடு அழிந்துபோன அந்தப் பறவைதான் பாடம். கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை அமர்ந்திருந்தார். யாராவது தப்பாகச் சொன்னால் பிள்ளைகள் முன்னாலேயே எழுந்து திருத்திவிடுவாராம். "அந்தம்மா எந்திரிச்சிட்டா, நீங்க பையைத் தூக்கிற வேண்டியதுதான்" என்று வாசலிலேயே வாட்ச்மேன் அண்ணாச்சி பயமுறுத்தி அனுப்பியிருந்தார்.

பாடம் நன்றாகவே போனது. முடியும் நேரத்தில் ஜன்னலோரச் சிறுமி ஒருத்தி கை தூக்கினாள். "மிஸ், அதுக்கு ஏன் டோடோன்னு பேரு வந்துச்சு?"

எனக்குத் தெரியாது. ஆனால் 'தெரியாது' என்ற சொல் என் வாயில் வராது. திருவேங்கடம் ஊர்ப் பக்கம் ஆடு மேய்க்கும் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். மருந்துச் சீட்டு, உரமூட்டையில் அச்சடித்தது, கரண்ட் ஆபீஸ் கடிதம் எல்லாம் ஏழு வயதிலிருந்தே என் கைக்குத்தான் வரும். பாதி புரியாது. இருந்தாலும் எதையாவது சொல்லிவிடுவேன். "எம்புள்ளைக்குத் தெரியாதது கெடையாது" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரியும்போது அதைக் கெடுக்க மனம் வந்ததில்லை. எனக்கும் அதில் பெருமைதான்.

அந்தப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது. "அது டோ டோன்னு கத்தும். காக்கா கா கான்னு கத்துதுல்லா, அது மாதிரி." வகுப்பே டோ டோ என்று அலறியது. தலைமையாசிரியை எழவில்லை. மறுநாளே வந்து சேரச் சொன்னார்.

பேருந்தில் உட்கார்ந்து செல்பேசியில் தேடினேன். போர்ச்சுக்கீசிய மொழியில் முட்டாள் என்று பொருள்படும் சொல் என்கிறார்கள் சிலர். மனிதரைக் கண்டு ஓடத் தெரியாத பறவையாம். டச்சு மொழியில் சோம்பேறி என்கிறார்கள் வேறு சிலர். பின்புறம் இருந்த இறகுக் குஞ்சத்தால் வந்த பெயர் என்றும் உண்டு. நம் குளத்து முக்குளிப்பான் பறவையையும் டச்சுக்காரர்கள் அதே மாதிரிதான் அழைக்கிறார்களாம். குரலாக இருக்கலாம் என்பதும் ஒரு வரியில் ஊகமாகக் கிடந்தது. அது ஆறுதலாக இல்லை. நான் படித்துச் சொல்லவில்லையே.

"வாத்தியாரம்மா, இன்னைக்கு என்ன சொல்லிக் குடுத்திய?" வீட்டில் கால் வைத்ததுமே கேட்டார் அப்பா. சொன்னேன். "பேரு எப்படி வந்துச்சாம்?"

"தெரியலப்பா. சும்மா அடிச்சு விட்டுட்டேன்."

அப்பா என்னையே பார்த்தார். "ஏட்டி, அப்போ அந்த உரமூட்டை?"

இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு அவர், "அந்தப் பிள்ளையெல்லாம் இந்நேரம் வீட்ல போயி அதையே சொல்லியிருக்கும்லா" என்றார். என் சிரிப்பு நின்றது. பிள்ளை சொன்னதை அப்படியே நம்பும் எங்கள் வீடு மாதிரி அதில் எத்தனை வீடோ.

காலையில் என்னை அறிமுகப்படுத்தத் தலைமையாசிரியையும் வகுப்புக்கு வந்தார். கிடைத்து ஒரு நாள்கூட ஆகாத வேலை. "டோடோ பேருக்கு நேத்து நான் சொன்னது என் சொந்தச் சரக்கு. எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, படித்ததையெல்லாம் பலகையில் எழுதினேன்.

"இதுல எது சரி மிஸ்?" அதே சிறுமி.

"யாருக்கும் உறுதியாத் தெரியாது."

"போங்க மிஸ். ராத்திரி பூரா டோ டோன்னு கத்துனேன். எங்கண்ணன் என்னைய லூசுன்னுட்டான்."

பின்னால் திரும்பினேன். தலைமையாசிரியை எழுந்து நின்றிருந்தார்.

"நேத்து நான் ஏன் எந்திரிக்கல தெரியுமா?" என்று பிள்ளைகளிடம் கேட்டார். "எனக்கும் தெரியாது, அதான். தெரிஞ்ச மாதிரி உக்காந்திருந்தேன்." வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். "மேல நடத்துங்க டீச்சர்."

அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். நான் அதே வகுப்பறையில் இருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது 'தெரியாது' என்கிறேன். சொல்லி முடித்ததும், பகல் முழுக்கச் சுமந்த புல்லுக்கட்டை இறக்கி வைத்தது போல இருக்கிறது.