ஒருசந்தி முறிந்த பெரிய வெள்ளி

ஆண்டவரில் அன்பானவர்களே, சுகம் கேட்டுச் செபித்ததைத்தான் எல்லோரும் இங்கே வந்து சாட்சியாகச் சொல்வார்கள். நான் என் வீட்டுக்காரர் சாகவேண்டும் என்று செபித்தவள். போன வருடம் தவக்காலத்தில், திருச்சியில் எங்கள் பங்குக் கோயிலில் முழங்காலில் நின்று வாய்விட்டே கேட்டேன். "இவரை எடுத்துக்கோங்க ஆண்டவரே. என்னால முடியல."

தொட்டியத்திலிருந்து மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிவரும் வண்டி ஓட்டுகிறவர் அவர். குடித்துவிட்டு அறைந்ததில் என் இடது காது இன்றும் மந்தம். அவர் அப்பா குடித்தே செத்தார். அண்ணன் ரத்த வாந்தி எடுத்துச் செத்தார். மாமியார் அதைக் குலப்பெருமை மாதிரிச் சொல்வார்: "எங்க வீட்டு ஆம்பளைங்க ரத்தம் அப்படி. பொறுத்துப் போடி."

குடிக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் மரபணுச் சோதனை செய்யச் சொன்னார். எச்சில்தான் எடுத்தார்கள். குடிக்குச் சீக்கிரம் அடிமையாகும் வாகு பரம்பரையாக இருக்கலாம், ஆனால் அது தலையெழுத்து இல்லை என்று பொறுமையாக விளக்கினார். என் வீட்டுக்காரர் காதில் முதல் பாதிதான் விழுந்தது. "பாத்தியா, ஜீன்லயே இருக்குடி! நான் என்ன பண்ணுவேன்?" என்று குஷியாக நேரே கடைக்குப் போனார். குடிக்க நானே லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் அந்தச் செபம்.

ஆண்டவர் அவரை எடுக்கவில்லை. ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பினார். டாக்டர் சொன்ன சத்துணவு ஆலோசகர் அங்கேதான் இருந்தார். முட்டையே தொடாத ஐயங்கார் வீட்டு அம்மா. இவர் தினமும் என்ன சாப்பிடுகிறார் என்று என்னிடம் துருவித் துருவிக் கேட்டார்.

"இப்ப தவக்காலம்ங்க, ஒருசந்தி. நாள் முழுக்கப் பட்டினி, ராத்திரி ஒரு வேளைதான். குடிப்பேய் ஓடணும்னு அத்தை நேர்ந்துகிட்டாங்க. இவங்க அண்ணனையும் இப்படித்தான் வச்சிருந்தாங்க."

"சாயங்காலம் கை நடுங்குமே?"

"ஆமாங்க. அப்பதான் கடைக்கு ஓடுவாரு."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எங்காத்துலயும் ஏகாதசி இருப்போம். ஆனா இவர் இருக்கப்படாது. இவர் வயிறு காஞ்சா உடம்பு குடியைத்தான் கேக்கும்."

முட்டை, சுண்டல், முருங்கைக்கீரை, நேரத்துக்கு நேரம் சாப்பாடு. ரத்தத்தில் குறைந்திருந்த சத்துக்கு மாத்திரை. டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தவே கூடாது. இவ்வளவுதான் சொன்னார்.

பெரிய வெள்ளி வந்தது. பங்குச் சாமியாரிடம் கேட்டேன். "நோயாளிக்கு ஒருசந்தி கெடையாதும்மா. சாப்பிடச் சொல்லு" என்றார். மத்தியானம் சோறும் அவித்த முட்டையும் வைத்தேன். மாமியார் தட்டைத் தட்டிவிட்டார்.

"ஆண்டவர் சிலுவையில தொங்குற நாள்ல முட்டையா? குடிகாரனுக்கு நோயாளின்னு பேரு வேறயா?"

"தட்டுங்க அத்தை. சோறு இன்னும் இருக்கு" என்று அடுத்த தட்டை வைத்தேன்.

என் வீட்டுக்காரர் அழுதுகொண்டே சாப்பிட்டார். அன்று சாயங்காலம் கடைக்குப் போகவில்லை. உயிர்ப்பு ஞாயிறன்றும் போகவில்லை. இந்த வருடத் தவக்காலமும் முடிந்துவிட்டது, இன்னும் குடிக்கவில்லை. ஆண்டவரே, உமக்குக் கோடி நன்றி.

ஆனால் போன வாரம் மாமியார் அடுப்படிக்கு வந்து நின்றார். வாய் கோணியது. "அப்ப பெரியவன நானாடி பட்டினி போட்டுக் குடிக்க அனுப்புனேன்? நானா கொன்னேன்?"

குடிதான் கொன்றது. எனக்குத் தெரியும். "இல்லங்க அத்தை" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கிழவி தூங்கும். ஆனால் என் காதில் ரத்தம் வந்த அன்றைக்குப் பொறுத்துப் போ என்று சொன்ன வாய் அது. நான் முட்டை உரித்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டில் அடி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தங்கச்சிகளே, ஆண்டவரிடம் கேளுங்கள். சாபமாக வாயில் வந்தாலும் கேளுங்கள், அவர் சரியாக எடுத்துக்கொள்வார். எனக்காகவும் செபியுங்கள். மாமியாரிடம் அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவேண்டும். சொல்லவேண்டும் என்ற ஆசைகூட எனக்கு இன்னும் வரவில்லை.